பதில் ஆள்

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பாய். சிரித்துக்கொள். என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. விடுதிக் கூடத்தில் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே எந்த நேரமும் டி.வி. அலறல், பேசுவது ஒன்றும் புரிவதில்லை. கொஞ்ச நாளைக்குக் கடிதமே போடுவோம்.

போன வாரம் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. முந்நூறு மீட்டர் நீளம். கரையில் நின்று பார்த்தால் அது ஒரு சுவர். அடியில் போய்விட்டால் அதுதான் வானம், இரும்பால் ஆன வானம். மல்லாந்தபடி பிரஷ் மெஷினை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர வேண்டும். கலங்கல் தண்ணீரில் விளக்கு போட்டாலும் ஒரு கை தூரம்தான் தெரியும். அந்த ஒரு கை தூரத்தில் சிப்பியும் பாசியும் மண்டிக் கிடக்கும். மெஷின் போன பிறகு சிவப்புப் பெயின்ட் தெரியும். எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு நாள் தேய்த்தோம். நடுவில் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளங்கையை அந்த இரும்பில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஓடும் எஞ்சினின் முனகல் எலும்பு வழியாக வந்தது. இவ்வளவு பெரிய ஒன்று என் மூக்குக்கு மேலே மிதக்கிறது என்று நினைத்ததும் மூச்சுவிட மறந்துபோனேன். மூச்சுவிட மறக்காதே என்பதுதான் இங்கே முதல் பாடம்.

ஒரு விஷயம். என் ஒப்பந்தத்தின் நகல் உன்னிடம் இருக்கிறதல்லவா? என்னோடு முங்குகிற சுருட்டை கேட்கச் சொன்னான். எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்தான், இரண்டு வருடம். நடுவிலேயே விலகினால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

உன் அண்ணன்

பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் இரண்டே பேர். முட்டிவலியும் சௌக்கியமாக இருக்கிறது, அம்மாவை விட்டுப் போகிற எண்ணமே அதற்கு இல்லை.

ஒப்பந்தத்தைப் படித்தேன். முதன்முறையாகப் படித்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நீ கையெழுத்துப் போடும் முன் என்னைக் கேட்டாய். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க ஒப்பந்தம் டைப் அடிக்கிற திமிரில், "எல்லாம் ஒரே அச்சுதான், போட்டுத் தள்ளு" என்று சொன்னவள் நான். அன்று நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

சுருட்டைக்கு நீ சொல்ல வேண்டியது இது. அவர் கம்பெனியின் வேலைக்காரர் கிடையாது, 'தனி ஒப்பந்ததாரர்'. அதாவது கம்பெனி ஒரு கடை, அவர் இன்னொரு கடை. விலக வேண்டுமானால் எழுத்தில் அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறுபது நாளும் முங்க வேண்டும். முங்காமல் நின்றால் கம்பெனிக்கு வருகிற நஷ்டம் முழுக்க அவர் தலையில். கப்பல் புறப்படத் தாமதமானால் அந்த நஷ்டமும் அதில் சேர்த்தி. முந்நூறு மீட்டர் கப்பலின் தாமதத்தை ஒரு மனிதன் தலையில் கட்டுகிறார்கள், அண்ணா. எழுதினவன் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. போன மாதம் கடைசியாகப் பேசினபோது அம்மா "என்னப்பா சாப்பிட்டே?" என்று கேட்டாள். நீ "சரிம்மா" என்றாய். "எப்போ வருவே?" என்றாள். அதற்கும் "சரிம்மா". ஏன்?

கோபம் பாதி, அன்பு பாதியாக,
வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலுக்கு,

நலம். உங்கள் நலத்தை உன் கையெழுத்திலேயே பார்த்துக்கொண்டேன். கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

சுருட்டையிடம் சொன்னேன். அவன் இன்னும் ஒன்று கேட்கிறான். உடம்புக்கு முடியாமல் போனால்? அதற்கு ஏதாவது பிரிவு இருக்கிறதா?

நேற்று ஒரு புரொப்பல்லரைத் துடைத்தோம். ஒவ்வொரு இதழும் நம் வீட்டைவிடப் பெரிது. வெண்கலம். துடைக்கத் துடைக்க விளக்கு வெளிச்சத்தில் பொன் மாதிரி மினுங்கியது. இதழின் விளிம்பைத் தொட்டபடி மேலே ஏறினேன், ஏறினேன், முடியவே இல்லை. கடலுக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு அழகான ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று இருந்தது. செய்தவர்களும் எங்களைப் போல யாரோ எட்டுப் பேராகத்தான் இருக்கும்.

போன் இன்னும் வாங்கவில்லை. அம்மா கேட்டால் ரிப்பேரில் இருக்கிறது என்று சொல்.

உன் அண்ணன்

மார்ச் 17

அண்ணா,

இங்கே நலம். உன்னிடமிருந்து உண்மையான நலம் வரட்டும்.

தண்ணீரில் விழுந்த போன் இப்போது ரிப்பேரில் இருக்கிறதா? ஒரு பொய்யையாவது ஒழுங்காக வளர்த்திருக்கலாம்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்று ஒரு வரிகூட அந்த ஒப்பந்தத்தில் இல்லை. பதினேழு பக்கம். கம்பெனியின் பிரஷ் மெஷின் பழுதானால் என்ன செய்வது என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மனிதன் பழுதானால் என்ன செய்வது என்று இல்லை.

சுருட்டைக்கு எந்தக் காது?

வாலு

ஏப்ரல் 6

அன்புள்ள வாலுக்கு,

அம்மா நலமா? நீ நலமா? என்னைப் பற்றி இனி உண்மையையே எழுதுகிறேன்.

இடது காது. ஜனவரி 19-ஆம் தேதி. சளி பிடித்திருந்தது. வரவில்லை என்றேன். கப்பல் காத்திருக்கிறது என்றார் சூப்பர்வைசர். இறங்கினேன். பத்து மீட்டரில் காதுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. முகக் கவசத்துக்குள்ளேயே வாந்தி. காற்றுக் குழாயைப் பிடித்து இழுத்துத் தாத்தாதான் என்னை மேலே கொண்டுவந்தார். தாத்தா என்றால் முப்பத்தெட்டு வயது, எங்களில் மூத்தவர், அவ்வளவுதான்.

இடது காது போய்விட்டது. திரும்பாது என்றார் டாக்டர். வலது காதில் ஓயாத இரைச்சல், பிரஷர் குக்கர் விசில் மாதிரி. போனில் வருகிற குரல் அதில் மூழ்கிவிடுகிறது. போன் தண்ணீரில் விழவில்லை, விற்றுவிட்டேன். இருந்தால் நீ கூப்பிடுவாய்.

இனி முங்கவே கூடாது, முங்கினால் இன்னொரு காதும் போகும், உள்ளேயே தலை சுற்றினால் உயிரும் போகும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை சூப்பர்வைசரிடம் நீட்டினேன். "மெடிக்கல் லீவா? நீ எங்க ஆளே இல்லப்பா. ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாரு, நீ தனி முதலாளி. முதலாளிக்கு யாரு லீவு குடுப்பா?" என்றார். சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன். அது ஏன் என்று இன்னும் புரியவில்லை.

மார்ச் 30-ஆம் தேதி முன்னறிவிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மே 29 வரை இறங்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு முறை இறங்கினேன். இரண்டாம் முறை தலை சுற்றியது. அறுபது நாள் எப்படியும் ஓடிவிடும். அம்மாவிடம் சொல்லாதே.

உன் அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணா,

இதைத் தந்தி மாதிரி நினைத்துப் படி. தண்ணீரில் இறங்காதே. இன்றும் இறங்காதே, நாளையும் இறங்காதே.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் ஜெராக்ஸ் மெஷினை எட்டி உதைத்தேன். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால்தான் வீங்கியிருக்கிறது. ஒருவனை நேரம் சொல்லி வரவைப்பார்களாம், சளியோடு தண்ணீரில் தள்ளுவார்களாம். செவிடானதும் நீ தனி முதலாளியாம்!

அன்றைக்கே ஒப்பந்தத்தை வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். எங்கள் கடையில் கடன் சொல்லி ஜெராக்ஸ் எடுக்கிறவர், மறுக்க முடியுமா? நின்றபடியே புரட்டினார். பதினான்காவது பிரிவுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அதை அப்படியே எழுதுகிறேன்: 'ஒப்பந்ததாரர் தாமே வர இயலாத நாளில், தகுதிச் சான்று பெற்ற வேறொருவரைத் தம் பொறுப்பில் பதிலுக்கு அனுப்பலாம். நிறுவனம் தக்க காரணமின்றி அவரை மறுக்கலாகாது.'

இதை ஏன் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். "நீங்க வேலைக்காரங்க இல்லைன்னு கோர்ட்ல காட்டறதுக்குத்தாம்மா. வேலைக்காரன் தனக்குப் பதில் ஆள் அனுப்ப முடியாது, கான்ட்ராக்டர் அனுப்பலாம். சும்மா அழகுக்கு வச்ச வரி. இதை நிஜமாவே ஒருத்தர் உபயோகிப்பார்னு அவங்க கனவுலகூட நினைச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

உபயோகி. உன்னோடு முங்குகிற யாராவது தன் ஓய்வு நாளில் உனக்குப் பதிலாகப் போகட்டும். அவர்களுக்கு அதே சான்று, அதே அனுமதி அட்டை. கையில் உன் கடிதத்தோடு போகட்டும். விட்டால் நீ தண்ணீரில் இறங்காமலே அறுபது நாள் முடியும். விடவில்லையென்றால் மறுப்பை எழுத்தில் வாங்கு. எழுதித் தராமல் நகரக் கூடாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னால் ரொம்ப நாள் முடியாது.

வாலு

ஏப்ரல் 24

அன்புள்ள வாலுக்கு,

நலமாக, உலர்ந்து இருக்கிறேன். பத்து நாளாகத் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா?

பதினான்காவது பிரிவை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒருத்தரையாவது எப்படிக் கேட்பது, வாரத்தில் ஒரு நாள்தானே அவர்களுக்கு ஓய்வு என்று தயங்கினேன். நான் கேட்கவே இல்லை. தாத்தா எழுந்து, "செவ்வாய் எனக்கு லீவு. செவ்வாய் நான்" என்றார். சுருட்டை, "புதன் நான். ஆனா ஒண்ணு, உன்னை மாதிரி மெதுவா எல்லாம் தேய்க்க மாட்டேன்" என்றான். இரண்டு நிமிடத்தில் ஏழு நாளும் நிரம்பிவிட்டது. ஏழு பேர், ஏழு நாள். பதினாலு மாதம் ஒரே அறையில் தூங்கியிருக்கிறோம், இவர்கள் யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

15-ஆம் தேதி தாத்தா போனார். நானும் துறைமுக வாசல்வரை போனேன். சூப்பர்வைசர் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "கல்யாணத்துக்குக் கூடவா பதில் ஆள் அனுப்புவீங்க?" தாத்தா, "எழுதிக் குடுங்க சார்" என்றார். மேனேஜர் வந்தார். கோபத்தில் கம்பெனித் தாளிலேயே எழுதினார்: 'பெயர் குறிப்பிடப்பட்டவர் மட்டுமே வர வேண்டும். பதில் ஆளுக்கு அனுமதி இல்லை.' கையெழுத்து, முத்திரை.

புதன்கிழமை சுருட்டை. இன்னொரு மறுப்பு. வியாழன், வெள்ளி என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் தலைவாரி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, அட்டையும் சான்றும் எடுத்துக்கொண்டு போய் நின்றார்கள். மறுக்கப்படுவோம் என்று தெரிந்தே போனார்கள். ஏழு தாள் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் தாத்தாவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். "இருக்கட்டும், முதுகுக்கு ரெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்.

நேற்று எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆள் குறைந்ததால் ஒரு கப்பல் ஒரு நாள் நின்றுவிட்டதாம். அந்த நஷ்டம் என்னுடையதாம். எழுதியிருக்கும் தொகையை வாசிக்கத் தெரியவில்லை, அத்தனை பூஜ்யம். எல்லாத் தாள்களின் நகலும் இத்துடன் இருக்கிறது.

உன் அண்ணன்

மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கால் வடிந்துவிட்டது. அம்மாவைப் பற்றிப் பிறகு.

ஏழு மறுப்பையும் வரிசையாக மேசையில் பரப்பினேன். வக்கீலம்மா ஒவ்வொன்றாக எடுத்து முத்திரையைப் பார்த்தார். பிறகு, "இருபது வருஷமா இந்தப் பிரிவைப் பார்க்கறேன். யாரும் இப்படி நின்னு காட்டினதில்லை" என்றார். நீ வேலையை நிறுத்தவில்லை, அவர்கள்தான் உன் வேலையை வாங்க மறுத்தார்கள். மறுத்தவனுக்கு நஷ்டம் கேட்க வாய் கிடையாது. அப்படியே பதில் நோட்டீஸ் போயிற்று. நான்தான் டைப் அடித்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை, மூன்று முறை பார்த்தேன்.

ஒப்பந்தப்படி வழக்கு கோர்ட்டுக்குப் போகாது, ஒரு நடுவரிடம் போகும். ஜூன் 18. நீயே போகலாம், பேச வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். நடுவர் கேட்பது காதில் விழவில்லையென்றால் வெட்கப்படாமல் எழுதிக் காட்டச் சொல்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் டைப் அடித்ததை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அழுவாள் என்று நினைத்தேன். பஞ்சை உருட்டி இடது காதில் அடைத்துக்கொண்டாள். வலது காதோரம் டிரான்சிஸ்டரை ஸ்டேஷன் கிடைக்காத இரைச்சலில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டாள். அப்படியே கடைக்குப் போனாள், பஸ் ஏறினாள், சமைத்தாள். ஒரு முழு நாள். சாயங்காலம் அவிழ்த்துவிட்டு, "இதுலயா என் பையன் நாலு மாசம் இருந்திருக்கான்?" என்று கேட்டாள். நான் வெளியே போய்விட்டேன், அண்ணா. அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

உன் வாலு

ஜூன் 20

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு என் வணக்கம். அந்தப் பஞ்சைப் பற்றிப் படித்துவிட்டு அம்மாவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி, வயதான அம்மா. சின்ன அறை. மின்விசிறி, ஒரு மேசை, கம்பெனி பக்கம் நான்கு பேர், என் பக்கம் நான் மட்டும். காது கேட்காது என்றதும் அவரே நாற்காலியை இழுத்துக்கொண்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷி.

ஏழு தாளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கம்பெனி வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "இவர் உங்க ஆள் இல்லைன்னா, பதில் ஆளை ஏன் விடல? உங்க ஆள்தான்னா, காது போனப்ப ஏன் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகல? ரெண்டுல எது?" அந்த வக்கீல் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு வாரம் தவணை கேட்டார். நடுவர் மூன்று வாரம் தள்ளி ஜூலை 9 கொடுத்தார்.

வராந்தாவில் மேனேஜர் என் தோளில் கை போட்டார். நஷ்டஈட்டுக் கோரிக்கையை வாபஸ் வாங்குகிறார்களாம். அன்றைக்கே நான் விடுதலை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்: 'காது வேலையில் சேரும் முன்பே கெட்டிருந்தது. இரு தரப்புக்கும் இனி ஒரு வழக்கும் இல்லை.' அப்படிப் போட்டால் நடுவரின் தீர்ப்பும் வராது. மற்ற ஏழு பேருக்குக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

எனக்குக் களைத்துவிட்டது, வாலு. வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது. என்ன செய்யட்டும்?

உன் அண்ணன்

ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் நலம் இப்போது உன் கையில் இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடு. வீட்டுக்கு வா.

நான் இப்படி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாய். நானும் எதிர்பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் கம்பெனிகளோடும் சண்டை போடச் சொல்லி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் தீர்ப்பு உனக்கு எதிராக வந்தால், அத்தனை பூஜ்யத்தையும் நீ ஆயுள் முழுக்கச் சுமப்பாய். வக்கீலம்மாவும் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போடச் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டேன். "அவன் காது. அவன்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாலு

ஜூலை 14

அன்புள்ள வாலுக்கு,

நலம், இந்தத் தடவை முழு நலம். நீயும் அம்மாவும் இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடத்தான் போனேன். பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த வரியை இன்னொரு முறை படித்தேன், முன்பே கெட்டிருந்தது என்று. பதினோரு மாதம் கப்பல்களின் வயிற்றுக்கு அடியில் கிடந்து நான் கேட்டது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சங்கிலி உரசுவது, நங்கூரம் இறங்குவது, தூரத்தில் வேறொரு கப்பலின் புரொப்பல்லர் சுற்றுவது. அதையெல்லாம் கேட்டவன் நான். கேட்கவே இல்லை என்று எப்படி எழுதிக் கொடுப்பேன்? பேனாவை மூடி மேனேஜரிடமே கொடுத்துவிட்டேன். அவருடைய பேனாதான்.

9-ஆம் தேதி நடுவர் தீர்ப்புச் சொன்னார். முதல் பதில் ஆளை மறுத்த ஏப்ரல் 15-ஆம் தேதியே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, முறித்தது கம்பெனி. நான் ஒன்றும் தர வேண்டியதில்லை. காதுக்கான ஈடு தன் அதிகாரத்தில் இல்லை, தொழிலாளர் கோர்ட்டுக்குப் போ என்றார். அதற்கு வருடக் கணக்கில் ஆகும். உன்னைக் கேட்காமலே, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். டைப் அடிக்கத் தயாராக இரு.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லத்தான்.

தீர்ப்பு வந்ததும் கம்பெனி அவசர அவசரமாகப் புது ஒப்பந்தம் அடித்துக்கொண்டு வந்தது. ஏழு பேரும் அதில் கையெழுத்துப் போட்டால்தான் தண்ணீரில் இறங்கலாம். தாத்தாவையும் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை. கரையோரம் ஒரு கப்பல் கட்டிக் கிடந்தது. இதுவரை நான் பார்த்ததிலேயே பெரியது. புரொப்பல்லரை மட்டும் துடைத்ததும் மத்தியானம் புறப்பட வேண்டியது. நான் என் சாமானை வாங்கப் போயிருந்தேன்.

"சீக்கிரம் போடுங்கப்பா, கப்பல் நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.

"படிச்சுட்டுப் போடறோம் சார்" என்றார் தாத்தா.

"எல்லாம் பழையதுதான்."

"அப்போ சீக்கிரம் படிச்சுடலாம்."

ஏழு பேரும் முங்குகிற உடையிலேயே தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தாத்தா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு வரி படிப்பார், நிறுத்துவார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பான் சுருட்டை. பேசுவார்கள். அடுத்த வரி. என்னைப் பார்த்ததும், தாத்தா என் வலது காதுப் பக்கம் வரும்படி இடம் விட்டார்கள், உட்கார்ந்தேன். மேனேஜர் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனார். கிரேன்கள் நின்றன. கப்பலின் மேல்தளத்தில் கம்பியோரம் சின்னச் சின்னத் தலைகள் தெரிந்தன. கேப்டனும் இருந்திருப்பார். இரும்பு மலை ஒன்று முழுசாக, அதில் இருந்த அத்தனை பேரோடும், ஏழு பேர் படித்து முடிப்பதற்காகக் காத்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, வாலு. அடியில் கிடந்து பார்த்தபோதுகூட அந்தக் கப்பல்கள் இப்படித் தெரிந்ததில்லை.

பதினொரு மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. எனக்குக் காதில் விழவில்லை, நெஞ்சில் இடித்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். தாத்தா நிமிரவில்லை. விரலை நாக்கில் தொட்டு, நாலாவது பக்கத்தைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். நேரில் பேசும்போது வலது பக்கமாக நின்று கத்து. அது உனக்குக் கஷ்டமாக இருக்காது.

அம்மாவுக்கும் உனக்கும் அன்புடன்,
உன் அண்ணன்